கன்ட்ரோல் ரூம் மேடம்

"ஒரு தபா கூட ஸ்டீரிங் புடிக்காதவ, டிரைவருங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுக்கப் போற?"

எனக்கு வேலை கிடைத்த அன்று என் நைனா கேட்டது இது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் வாங்கி வந்த இனிப்புப் பெட்டியிலிருந்து இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டே கேட்டதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. "சொல்லிக் குடுக்கறது இல்ல நைனா, டெஸ்ட் பண்றது" என்றேன். "அதான், எதை வெச்சு டெஸ்ட் பண்ணுவ?" என்றார். நானும் ஒரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு காலத்தில் போல்ட்டும் நட்டும் செய்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கார்களுக்குத் தொடுதிரை செய்யும் எங்கள் அலுவலகம். அங்கே ஒரு அறையில் அரை கார் இருக்கிறது. ஒரு சீட், ஒரு ஸ்டீரிங், நடுவில் பெரிய தொடுதிரை. சக்கரம் கிடையாது. எதிர்ச் சுவரில் ரோடு ஓடும். ஒருவரை உட்காரவைத்து, ஏசியைக் குறையுங்கள், அடுத்த பாட்டுக்குப் போங்கள், வருகிற ஃபோனை எடுங்கள் என்று சொல்வோம். அவர் கண் ரோட்டை விட்டு எத்தனை முறை, எவ்வளவு நேரம் திரைக்குப் போகிறது என்று ஒரு கேமரா பார்க்கும். கேமரா ஒழுங்காகப் பார்த்ததா என்று நான் பார்ப்பேன். கண் அதிக நேரம் போனால் சிவப்பு. கடைசியில் அறிக்கை எழுதி, கீழே என் பெயரைப் போடுவேன்.

அந்தப் பெயரைப் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். இன்ஜினியரிங் சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினேன். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கும் காகிதம் அது. நைனா அதை லேமினேட் செய்து, ஒரு ஜெராக்ஸை வண்டியில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் வண்டியை மடக்கினால் மூன்றாவதாக அதையும் எடுத்து நீட்டுவார். அவர்கள் என்ன நினைத்தார்களோ, சில சமயம் விட்டிருக்கிறார்கள்.

நைனா வேன் ஓட்டுகிறார். ஒரு டிராவல்ஸில் டூட்டி. வேலப்பன்சாவடி, பூந்தமல்லி, ஆவடி என்று சுற்றி, அடுக்குமாடி வீடுகளில் இருந்து ஐ.டி. ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து காலையில் எஸ்டேட்டில் இறக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். அவர் லைசென்ஸ் எடுத்தபோது யாரும் படிப்பைக் கேட்கவில்லை. ரோடு போர்டில் இருக்கிற படங்களைக் காட்டிக் கேட்டார்கள், சொன்னார். எண்கள் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்து தெரியாது.

அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை. முன்பெல்லாம் சூப்பர்வைசர் ஃபோன் செய்து, "அண்ணே, வானகரம் ரெண்டு, வேலப்பன்சாவடி ஒண்ணு" என்பார். நைனா மனதில் போட்டுக்கொள்வார், ஒருநாளும் பிசகியதில்லை. பிறகு டிராவல்ஸ்காரர்களுக்கு ஞானோதயம் வந்தது. வண்டி ஓட்டும்போது ஃபோன் பேசுவது ஆபத்து. எனவே இனி ஃபோன் கிடையாது, ஒவ்வொரு வண்டியிலும் ஒரு டேப், அதாவது டேப்லெட். யாரை ஏற்றுவது, எந்த அபார்ட்மென்ட், யார் இன்றைக்கு லீவு, எல்லாம் அதில் வரும், ஆங்கிலத்தில். டிரைவர் பேச வேண்டியதில்லை, படித்தால் போதும்.

முதலில் நைனா நிறத்தை வைத்துச் சமாளித்தார். பச்சையை அமுக்கினால் ஏறியாச்சு, சிவப்பை அமுக்கினால் வரவில்லை. ஒரு மாதத்தில் அப்டேட் வந்து இரண்டு பட்டனும் ஒரே நீலமாகிவிட்டது. எங்கேயோ ஒரு அலுவலகத்தில் என்னைப் போன்ற ஒருத்தி, பார்க்க அழகாக இருக்கிறது என்று டிக் அடித்திருப்பாள்.

அன்றைக்குத்தான் எனக்கு முதல் வீடியோ கால் வந்தது. அலுவலகத்தில் நாற்காலியை அப்போதுதான் இழுத்துப் போட்டிருந்தேன். ஃபோனில் நைனாவின் காது தெரிந்தது, பிறகு மேல்கூரை, பிறகு டேப்.

"இன்னாம்மா போட்டுக்கீது அதுல, பாரு."

படித்தேன். வேலப்பன்சாவடி, கல்லூரிக்கு எதிர் அபார்ட்மென்ட், பி பிளாக், ஒரு மேடம். "அவ்ளோதானா? வெச்சிடு" என்றார்.

அதிலிருந்து தினமும் ஏழரையில் தொடங்கி ஒன்பதரை வரை நான் நைனாவின் கண். அதை உதவி என்றுகூட நான் நினைக்கவில்லை, பெருமை என்றுதான் நினைத்தேன். படிக்க வைத்தாரே, இதோ படிக்கிறேன். ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் ஃபோன் என்று அவர் டேபை எனக்குக் காட்டுவார். நான், "இன்னும் கிட்ட கொண்டா நைனா, வெயில் அடிக்குது, எழுத்து தெரியல" என்பேன். பின்னால் லாரி ஹாரன் கேட்கும். "கொஞ்சம் மேல. ஆடாம புடி." இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுப்பவர்களுக்குச் சிவப்புக் குறி போடுவேன்.

வண்டியில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். தனக்குப் படிக்கத் தெரியாது என்று நைனா அவர்களிடம் சொல்லவில்லை. "கன்ட்ரோல் ரூம் மேடம்" என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் இருந்து வண்டியைக் கண்காணிக்கிறார்களாம். ஒருநாள் பின் சீட்டில் இருந்து ஒரு பெண் குரல் எட்டிப் பார்த்து, "மேடம், இந்த வண்டியில ஏசி ரொம்ப ஜாஸ்தி. எனக்கு சைனஸ்" என்றது.

"நோட் பண்ணிக்கிறேன்" என்றேன்.

"ரெண்டு வாட்டி கம்ப்ளெயின்ட் பண்ணியாச்சு மேடம்."

"டிரைவர்கிட்ட நான் பேசறேன்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் பேசினேன். ஏசி குறைந்தது. கன்ட்ரோல் ரூமின் மேல் அந்த வண்டியில் மரியாதை கூடியது.

என் பக்கத்தில் நானும் சும்மா இல்லை. அலுவலகத்தில் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் "வெண்டர் கால்" என்று சொல்லிக்கொண்டு வராந்தாவுக்குப் போவேன். எனக்கு முன் வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் என் ஃபைலில் இருக்கிறது. அதைக் காட்டிச் சலுகையில் படித்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரியிடம் மட்டும் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு நைனாவின் வேனிலும் கேமரா வந்தது. கண்ணாடியில் கட்டை விரல் அளவுக்கு ஒன்றை ஒட்டினார்கள். அது ரோட்டைப் பார்க்காது, டிரைவரின் முகத்தைப் பார்க்கும். கண் வேறெங்காவது போனால் டூட் டூட் என்று கத்தி, "கவனம் சாலையில் இருக்கட்டும்" என்று ஒரு பெண் குரலில் சொல்லும். அத்தோடு டிராவல்ஸுக்கு ஒரு தப்பு மார்க் போய்விடும். வாரக் கடைசியில் மார்க் அதிகமானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை ஷீட். மூன்று ஷீட் வாங்கினால் டூட்டி கிடையாது. இந்த வயதில் இன்னொரு டிராவல்ஸ் நைனாவைச் சேர்த்துக்கொள்ளாது, சேர்த்தாலும் அங்கேயும் டேப் இருக்கும். அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

நைனா அந்தக் குரலுக்கு "அந்தம்மா" என்று பெயர் வைத்தார். ஆக வண்டியில் அவருக்கு இரண்டு பெண்கள் உத்தரவு போட்டோம். ஒருத்தி ரோட்டைப் பார் என்றாள். இன்னொருத்தி டேபைக் கிட்டே காட்டு என்றாள்.

"இன்னா நைனா அது சத்தம்?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"அது கெடக்குது வுடு. நீ படி."

படித்தேன். அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. அதைப் போன்ற சத்தங்களில் எது டிரைவர் காதில் உறைக்கும் என்று தேர்ந்தெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி.

முதல் ஷீட் வந்தது. நைனா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், யாரிடமும் காட்டவில்லை. டிரைவர்களுக்குள் வைத்தியங்கள் பரவின. கூலிங் கிளாஸ் போட்டால் தெரியாது மாமே என்றார் ஒருவர். கேமராவுக்கு எதிரே சாமி படத்தை ஆடவிடு என்றார் இன்னொருவர். நைனா எதையும் செய்யவில்லை. "நான் ஒயுங்கா ஓட்றேன். அந்த டப்பாவுக்குத்தான் மாறுகண்ணு" என்றார்.

இந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் வண்டி என்றால் சைக்கிள் முதல் தண்ணி லாரி வரை எல்லாவற்றுக்கும் அன்று பொட்டு உண்டு. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வேனுக்குள் ஏறி, ஸ்டீரிங், கியர், ஸ்டெப்னி, டேப் என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனாள். புதிதாக வந்த பொருளை விட்டுவிட்டால் நன்றாக இருக்காதே என்று கேமராவுக்கும் வைத்தாள். நெற்றி மாதிரி இருந்த இடத்தில், நட்ட நடுவில் வைத்தாள். அது லென்ஸ். சந்தனம், மேலே குங்குமம்.

விடுமுறை முடிந்து டூட்டிக்குப் போன அன்று சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். பேசியதை நைனா இரவு சாப்பாட்டுக்கு முன் எங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்.

"அண்ணாத்தே, நீ எங்க கீற?"

"வண்டிலதான்."

"இங்க சிஸ்டத்துல உன்னிய காணோமே. வண்டி எஸ்டேட் ரோட்ல நாப்பதுல போவுது, டிரைவர் சீட்டு காலின்னு காட்டுது."

உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் வருடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கிற ஒன்றை என் அம்மா ஒரு சிட்டிகை குங்குமத்தில் செய்துவிட்டாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். நைனா சிரிக்கவில்லை. வேண்டுமென்றே மறைத்ததாக டிராவல்ஸ் எடுத்துக்கொண்டது. அந்த வாரம் இரண்டாவது ஷீட் வந்தது, அதோடு இது கடைசி என்று வாய்மொழியாகவும் வந்தது.

அன்று மாலைதான் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "இதுல இன்னாதான் எயுதிக்கீறானுங்க, படி. நாளைக்குப் போயி கேக்கறேன். பொட்டு வெச்சது ஒரு நாளு. மிச்சம்லாம் ஏது?"

படித்தேன். தேதி, நேரம், 'பார்வை விலகல்', எத்தனை நொடி. செவ்வாய் எட்டு பன்னிரண்டு. செவ்வாய் எட்டு முப்பத்தொன்று. புதன் ஏழு நாற்பத்தாறு. எனக்கு இந்த மாதிரி அட்டவணைகள் பழக்கம். எந்த நேரத்தில் என்ன செய்தபோது கண் போனது என்று பக்கத்தில் இன்னொரு பத்தி எழுதுவோம். பழக்க தோஷத்தில் அந்தப் பத்தியை மனதில் போடத் தொடங்கினேன். செவ்வாய் எட்டு பன்னிரண்டுக்கு என்ன? என் ஃபோனை எடுத்து, வந்த அழைப்புகளைத் திறந்தேன்.

செவ்வாய், எட்டு பன்னிரண்டு, நைனா. எட்டு முப்பத்தொன்று, நைனா. புதன், ஏழு நாற்பத்தாறு, நைனா.

கடைசி வரி வரை போனேன். கேமராவுக்கு மாறுகண் இல்லை. ஒரு மார்க்கைக்கூட அது தவறாகப் போடவில்லை. எங்கள் ஆய்வறையில் இருப்பதைவிட நல்ல கேமரா.

"இன்னாம்மா, பேஸ்தடிச்ச மாதிரி கீற?"

"நைனா, இது பூரா என் ஃபோன். நீ எனக்கு டேபைக் காட்டற நேரம்தான் எல்லாம்."

அவர் நம்பவில்லை. எண்கள் தெரியுமே, ஷீட்டையும் ஃபோனையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"இனிமே வண்டி ஓடும்போது நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

"எடுக்கலன்னா நான் இன்னா பண்றது? நிறுத்தி நிறுத்திப் பேசினா லேட்டு. லேட்டுக்கும் மார்க்கு கீது."

"வீட்ல இருந்து கிளம்பும்போது மொத்தத்தையும் படிச்சிடறேன். மனசுல வெச்சுக்கோ."

"நடுவுல மாத்துவானே?"

"வண்டில உக்காந்துகினு வர்றவங்க எல்லாம் படிச்சவங்கதானே. கேளு."

"இன்னான்னு கேக்கறது?" என்றார். அதை யாரிடம் கேட்கிறார்? வெண்டர் கால் என்று வராந்தாவுக்கு ஓடுகிறவள் நான்.

மறுநாள் காலை என் ஃபோன் ஏழு முறை அடித்தது. எடுக்கவில்லை. அரை காரில் ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார். மேசைமேல் ஃபோன் அதிர அதிர, என் கண் அங்கே போய்ப் போய் வந்தது. அந்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று, நான் பாதியைக் கவனிக்கவில்லை. அன்று என் கண்ணை எண்ண அங்கே கேமரா இல்லை.

மாலையில் அம்மாதான் சொன்னாள். "கண்ணாடி மறந்து வெச்சுட்டேன், கொஞ்சம் படிங்க மேடம்னு சொல்லிட்டாராம்டி. அந்தப் பொண்ணு, சைனஸ் பொண்ணு, படிச்சுச்சாம்."

"கன்ட்ரோல் ரூம் எங்கன்னு கேக்கலையா?"

"லீவாம்."

அந்த வாரம் ஷீட் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. நைனா தினமும் கண்ணாடியை மறந்தார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டாள். "அங்கிள், இத வண்டிலயே வெச்சுக்கோங்க. மறக்காது."

பாவம், அவள் நல்லது செய்தாள். நைனா என்ன செய்வார்? மாட்டிக்கொண்டு டேபைப் பார்த்தார். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண் புன்னகையோடு பார்த்துக்கொண்டே இருந்ததால் உடனே கழற்றவும் முடியவில்லை. அதோடே வண்டியை எடுத்தார். ரோடு முழுக்கக் கலங்கித் தெரிந்ததாம். வேலப்பன்சாவடி மேம்பாலம் வரைக்கும் அப்படியே ஓட்டியிருக்கிறார். பாலத்துக்கு முன்னால் ஒரு பைக், முட்டுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது பிரேக் போட்டார்.

அந்தம்மா வாயைத் திறக்கவில்லை. கண் ரோட்டில்தானே இருந்தது.

அன்று சாயங்காலம் நைனா வேனை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பைக் கதையைச் சொன்னார். பைக்கில் ஒரு பெண் பின்னால் குழந்தையை வைத்திருந்தாளாம்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல இத்தினி பேரு கீறீங்க. படிக்கத் தெரியாதவன் ஓட்டற மாதிரி ஒரு டப்பா செய்ய மாட்டீங்களா?"

"அப்படி ஒருத்தர் ஓட்டறார்னே எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது நைனா."

"உனக்குத் தெரியுமே."

"நான் சொன்னதில்ல."

நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. "நானும் சொன்னதில்ல" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியின் காதை மடித்து மடித்து விரித்தார். "இப்ப அத யாரு சொல்லணும்?"

"உன்னை மாதிரி ஒருத்தர் எங்க வண்டில உக்காந்து ஓட்டிக் காட்டணும். எனக்குப் படிக்க வராதுன்னு சொல்லணும்."

"சக்கரம் இல்லாத வண்டிலயா?"

"ஆமா."

இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலை நான் டூட்டி லிஸ்டைப் படித்துக் காட்டி முடித்ததும், செருப்பு மாட்டிக்கொண்டே, "எத்தினி மணிக்கு வரணும்?" என்றார். பிறகு வாசலில் இருந்து, "நான் வர்றதுக்கு முன்ன நீ எல்எல்ஆர் போடு. ஸ்டீரிங் புடிக்காதவ பக்கத்துல உக்காந்து எனக்கு மார்க்கு போடக் கூடாது" என்றார்.

அலுவலகத்தில் வாரக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். நம் பரிசோதனைக்கு உட்காருகிற ஒன்பது பேரும் இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற இன்ஜினியர்கள், எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும், படிக்கவே தெரியாத டிரைவரை வைத்து யாரும் பார்க்கவில்லை என்றேன்.

டீம் லீடர் நல்ல மனிதர். "படிக்கத் தெரியாம எப்படி லைசென்ஸ் கிடைக்கும்?" என்றார்.

"கிடைச்சிருக்கு சார்."

"யாருக்கு?"

வாயில் வெண்டர் என்ற சொல் தயாராக வந்து நின்றது. "எங்க அப்பாவுக்கு" என்றேன். "தினமும் காலையில எனக்கு வர்ற வெண்டர் கால் அவர்தான்."

பக்கத்து மேசைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தன் நோட்டைப் பார்த்தாள். டீம் லீடர், "இது நல்ல யூஸ் கேஸ்" என்றார். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டிய என் நைனா அப்படி ஒரே காலையில் யூஸ் கேஸ், அதாவது சோதித்துப் பார்க்க வேண்டிய ஓர் உதாரணம், ஆனார். வீட்டில் சொன்னபோது, "அப்டின்னா?" என்று கேட்டார். "முக்கியமான ஆள்னு அர்த்தம்" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

எல்எல்ஆர் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் பரீட்சையில் ரோடு போர்டு படங்களில் இரண்டைத் தப்பாகச் சொன்னேன், ஆனாலும் தேறினேன். அந்த இரண்டையும் நைனா என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். வண்டியில் இப்போது அந்தப் பெண்ணிடம் கண்ணாடிக் கதையை விட்டுவிட்டு, "நீயே படிச்சிடும்மா" என்று மட்டும் சொல்கிறாராம். அவள் ஏன் என்று கேட்கவில்லையாம். எனக்கு யாரும் இப்போது காலையில் ஃபோன் செய்வதில்லை. ஏழரைக்குக் கை தானாக ஃபோனுக்குப் போகிறது, ஒன்றும் இருக்காது. கன்ட்ரோல் ரூமை மூடியாகிவிட்டது, அதில் கொஞ்சம் வருத்தம் எனக்கு இருக்கிறது.

பரிசோதனைக்கு வருகிறவருக்கு ஒரு படிவம் உண்டு. நேற்று அதை நிரப்பினேன். பெயர், வயது, எத்தனை வருட அனுபவம். ஒன்பது இன்ஜினியர்களின் படிவத்தில் அதிகபட்சம் நான்கு என்று இருந்த இடத்தில் இருபத்தாறு என்று எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம், படிப்பு. காலியாக விட்டால் படிவம் போகாது. 'இல்லை' என்று எழுதினேன். கீழே, நிரப்புகிறவர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'மகள்' என்று போட்டு, அனுப்பிவிட்டேன். நைனா வரப்போகிற வெள்ளிக்கிழமைக்கு வாசலில் கொடுக்க வேண்டிய பாஸ் அச்சாகி என் மேசைமேல் வந்துவிட்டது.